கூரத்துலேர்ந்து மேகமலை வரை: தங்கமணி ஓட்டின வண்டி

டிஸ்கி: இது பயணக்கட்டுரை மாதிரி ஆரம்பிச்சு வேற எங்கயோ போய் நிக்கும். நீளமும் கொஞ்சம் ஜாஸ்தி. டீயோ காபியோ கையில வெச்சுக்கிட்டு படிங்க மக்களே.

எல்லாத்துக்கும் காரணம் பையன் அனுப்பின போட்டோதான். கலிஃபோர்னியாவுல இருக்கான். பொண்டாட்டிய கூட்டிக்கிட்டு கார் எடுத்துட்டு நாபா பள்ளத்தாக்குக்கு ஒரு நாலு நாள் ட்ரிப். பின்னாடி மலை, முன்னாடி வரிசை வரிசையா திராட்சைத் தோட்டம், கையில ஒயின் கிளாஸு, மூஞ்சி நிறைய சிரிப்பு. வாட்ஸப்புல ஒரு நாப்பது போட்டோ.

தங்கமணி எல்லாத்தையும் ஒண்ணு விடாம பாத்தாங்க. பெருசு பண்ணிப் பாத்தாங்க. அப்புறம் போனை கீழ வெச்சுட்டு, "ஏங்க, மலை, திராட்சைத் தோட்டம் எல்லாம் நம்ம கம்பத்துல இல்லையா?"ன்னு கேட்டாங்க.

"இருக்கே."

"அப்ப போலாம்."

கல்யாணம் ஆகி 27 வருஷத்துல நாங்க ரெண்டு பேர் மட்டும் போன டூர் எதுன்னு யோசிச்சுப் பாத்தேன். திருப்பதி, மேல்மலையனூர், மாமனார் வீடு. மூணுலயும் கூட்டத்தோட போய் கூட்டத்தோட வந்ததுதான். சரின்னுட்டேன்.

ஒரே ஒரு சிக்கல். வண்டி யார் ஓட்டறது?

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். எனக்கு ரெண்டு கண்ணுலயும் கிளாகோமா. கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமா தின்னுடும். வலிக்காது. சிவக்காது. ஓரப்பார்வைதான் மொதல்ல போகும். நேரா பாக்கறது நல்லாவே தெரியுங்கறதால நமக்கு ஒண்ணுமே ஆகலைன்னு நம்பிக்கிட்டு திரிவோம். எனக்கு தெரிய வந்தப்ப இடது கண்ணுல முக்கால்வாசி போயிருந்தது, வலது கண்ணு இப்பதான் ஆரம்பம். போனது போனதுதான், திரும்ப வராது. இருக்கறத காப்பாத்திக்க காலையும் ராத்திரியும் சொட்டு மருந்து. "இனிமே நீங்க வண்டி ஓட்ட வேணாம்"னு டாக்டர் சொன்னதை நான் வீட்டுல வந்து "ராத்திரில மட்டும் ஓட்ட வேணாமாம்"னு மாத்தி சொன்னேன். ஹி ஹி.

அந்த ஹி ஹி ரொம்ப நாள் நிக்கல. ஒரு நாள் சாயங்காலம் காஞ்சிபுரத்துலேர்ந்து வீட்டுக்கு வர்றப்ப, இடது பக்கத்துலேர்ந்து சைக்கிள்ல ஒரு பையன். எனக்கு அவன் இருந்ததே தெரியல. தங்கமணி கத்தின கத்துல பிரேக் போட்டேன். ஒரு சாண் இடைவெளி. அந்தப் பையன் திரும்பிக் கூட பாக்காம போயிட்டான். நாங்க ரெண்டு பேரும் வீடு வர்ற வரைக்கும் பேசிக்கல. மறுநாள் காலையில தங்கமணி டிரைவிங் ஸ்கூல்ல போய் பணம் கட்டிட்டு வந்துட்டாங்க. 49 வயசுல.

ஆறு மாசத்துல லைசென்ஸ். அதுக்கப்புறம் காஞ்சிபுரம் மார்க்கெட், அரக்கோணம், ஒரு தடவை தாம்பரம். அவ்ளோதான் அனுபவம். அந்த அனுபவத்தோட மேகமலை. அவ்வ்வ்.

எங்க ஊரைப் பத்தி தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. கூரம், காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துல சின்ன ஊர். பேருதான் பெருசு. 7-ம் நூற்றாண்டு பல்லவ ராஜா முதலாம் பரமேஸ்வரவர்மனோட கூரம் செப்பேடு எங்க ஊருது. எழும்பூர் மியூசியத்துல பல்லவர் கால நடராஜர் ஒருத்தர் நிக்கறாரே, அவரும் எங்க ஊர்க்காரர்தான். எல்லாத்துக்கும் மேல ராமானுஜரோட சீடர் கூரத்தாழ்வான் பொறந்த ஊர். இந்தக் கதையில அவரும் வருவார், பொறுங்க.

விடிகாலை 5 மணிக்கு கெளம்பினோம். செய்யாறு, வந்தவாசி, திண்டிவனம். அங்க நாலு வழிச்சாலையைப் பிடிச்சா நேரா திருச்சி. மொத நாள் ஸ்ரீரங்கத்துல தங்கறது, ரெண்டாம் நாள் கம்பம், மூணாம் நாள் மேகமலைன்னு பிளான். புது டிரைவருக்கு ஒரே நாள்ல அவ்ளோ தூரம் வேணாம்னு பாத்தோம்.

வண்டியில இடது சீட்டுல உக்காந்து வர்றது எவ்ளோ கஷ்டம்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சது. கால் தானா பிரேக்கைத் தேடுது. "லாரி லாரி", "கியர மாத்து", "அவன் இண்டிகேட்டர் போட்டிருக்கான் பாரு". விழுப்புரம் தாண்டினதும் தங்கமணி வண்டிய ஓரங்கட்டினாங்க. "ஏங்க, நீங்க 25 வருஷம் ஓட்டினப்ப நான் ஒரு வார்த்தை பேசியிருப்பனா?" இல்லதான். கப்சிப்.

எங்கப்பா தறிக்காரர். காஞ்சிப் பட்டுல கோர்வைன்னு ஒண்ணு உண்டு. உடம்பு ஒரு கலர், கரை வேற கலர், ரெண்டையும் தறியிலயே பூட்டிப் பூட்டி நெய்யறது. அதுக்கு மூணு நாடா வேணும். நெசவு பண்றவர் மட்டும் போதாது, பக்கத்துல ஒரு ஆள் உக்காந்து அந்தப்பக்கத்துக் கரை நாடாவைத் தள்ளணும். எங்க வீட்டுல அந்த ஆள் நான். எட்டு வயசுலேர்ந்து பத்தாவது படிக்கற வரைக்கும். அப்பா ஒரு வார்த்தை பேசமாட்டார். அவர் கை நகர்ற தாளத்துக்கு என் கை நகரணும், முந்தினாலும் தப்பு பிந்தினாலும் தப்பு. சேலை நல்லா வந்தா அப்பா நெய்ஞ்ச சேலைம்பாங்க. பக்கத்துல உக்காந்தவன் பேரை யாரும் கேக்கமாட்டாங்க.

அந்த வேலைய மறந்து 40 வருஷம் ஆச்சு. உளுந்தூர்பேட்டை தாண்டறப்ப ஞாபகம் வந்தது. அதுக்கப்புறம் டோல்கேட்டுல பாஸ்டேக் பேலன்ஸ் பாக்கறது, தண்ணி பாட்டிலைத் திறந்து குடுக்கறது, பாட்டு மாத்தறதுன்னு கரை நாடா மட்டும் தள்ளிக்கிட்டு வந்தேன். பெரம்பலூர் வர்றதுக்குள்ள தங்கமணி மூஞ்சியில சிரிப்பு வந்துருச்சு.

சமயபுரம் தாண்டி கொள்ளிடம் பாலம் ஏறறப்ப ராஜகோபுரம் தெரிஞ்சது. 236 அடி. பல நூறு வருஷம் மொட்டைக் கோபுரமா நின்னது, 1987-ல்தான் கட்டி முடிச்சாங்க. அப்பதான் சொன்னேன், "இதே ரூட்டுல நம்ம ஊர்லேர்ந்து ஒரு ஜோடி முன்னாடியே வந்திருக்காங்க, தெரியுமா?"

கூரத்தாழ்வான் கதை. கூரத்துல பெரிய செல்வந்தர். தினமும் அன்னதானம். ராத்திரி அவர் வீட்டுக் கதவை சாத்தற சத்தம் காஞ்சிபுரம் வரதராஜர் கோயில் வரைக்கும் கேக்குமாம். அந்தப் பெருமையே வேணாம்னு எல்லாத்தையும் குடுத்துட்டு, மனைவி ஆண்டாளோட ஸ்ரீரங்கத்துக்கு நடந்தே கெளம்பிட்டார். நடுக்காட்டுல அந்தம்மாவுக்கு பயம். "இங்க பயம் ஏதும் உண்டா"ன்னு கேட்டாங்களாம். "மடியில கனம் இருந்தாத்தான் பயம். ஏதாவது எடுத்துட்டு வந்தியா?"ன்னார் இவர். நீங்க தண்ணி குடிக்கறதுக்காக ஒரு தங்க வட்டில் எடுத்துட்டு வந்தேன்னாங்க. வாங்கித் தூக்கி எறிஞ்சுட்டார். பயம் போயிடுச்சு. சின்ன வயசுலேர்ந்து எங்க ஊர் பெருமாள் கோயில்ல கேட்டுக் கேட்டு காது பழகின கதை.

தங்கமணி பாலத்துல கண்ணை எடுக்காம ஓட்டிக்கிட்டே கேட்டாங்க: "அந்தம்மா தனக்குன்னு எடுத்துட்டு வரலியே, அவருக்குக் குடிக்கத்தானே எடுத்துட்டு வந்தாங்க? தூக்கிப் போட்டுட்டு அப்புறம் எதுல குடிச்சாராம்?"

உபன்யாசத்துல யாரும் இதைச் சொன்னதில்ல. "கையில ஏந்தித்தான் குடிச்சிருப்பார்"னேன்.

"ஊத்தினது யாரு? அந்தம்மாதானே?"

ம்க்கும். ஸ்ரீரங்கம் வந்துடுச்சு.

ராத்திரி ரங்கநாதரை சேவிச்சுட்டு ரூமுக்கு வந்து படுத்தேன். தூக்கம் வரல. கூரத்தாழ்வான் கதையில நான் அவங்ககிட்ட சொல்லாத பகுதி ஒண்ணு இருக்கு. பின்னால சோழ ராஜா சபையில அவருக்குக் கண்ணு போயிடுது. மிச்ச காலமெல்லாம் கண்ணு இல்லாமலே அடுத்தவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு நடந்தார். ராமானுஜர் சொன்னார்னு காஞ்சி வரதர் மேல வரதராஜ ஸ்தவம் பாடினார். அங்கயும் தனக்குக் கண்ணு கேக்கறதை விட்டுட்டு, தன்னைக் காட்டிக்குடுத்த நாலூரானுக்கு நல்ல கதி கேட்டார்னு சொல்வாங்க. அதெல்லாம் பெரியவங்க. நான் இன்னும் "ராத்திரில மட்டும் தெரியல"ன்னு பொய் சொல்லிக்கிட்டு இருக்கற ஆள். வலது கண்ணுல மூலையில மங்கல் ஆரம்பிச்சதை அவங்ககிட்ட சொல்லவே இல்ல.

மறுநாள் திண்டுக்கல், வத்தலக்குண்டு, தேனி. வத்தலக்குண்டு தாண்டினதும் வலது பக்கம் மலை கூடவே வர ஆரம்பிச்சுடும். தேனி, வீரபாண்டி, சின்னமனூர்னு போகப் போக ரெண்டு பக்கமும் மலை நெருங்கி வந்து நடுவுல நெல்லு, வாழை, தென்னை, திராட்சை. இவ்ளோ பச்சைக்குக் காரணம் முல்லைப் பெரியாறு. மேற்க பாத்து அரபிக்கடலுக்கு ஓடிக்கிட்டிருந்த தண்ணிய அணை கட்டி, மலையைக் குடைஞ்சு கிழக்க திருப்பினாங்க. 1895-ல் முடிஞ்ச வேலை. கட்டின இன்ஜினியர் பென்னிகுயிக் பேரை இந்தப் பக்கம் குழந்தைகளுக்கு வைக்கறாங்க, அவர் பொறந்தநாளுக்குப் பொங்கல் வைக்கறாங்க. லோயர் கேம்ப்புல 2013-ல் மணிமண்டபமும் கட்டியாச்சு. அங்க நின்னு மலை மேலேர்ந்து இறங்கற ராட்சச பைப்புகளைப் பாத்தா, அந்தக் காலத்துல எந்த தைரியத்துல ஆரம்பிச்சாங்கன்னு தோணும்.

சாயங்காலம் சுருளிப்பட்டி பக்கம் ஒரு தோட்டத்துல நிறுத்தினோம். நாபா மாதிரி வரிசையா வேலி கிடையாது. இங்க பந்தல். கல்தூண் நட்டு, மேல கம்பி இழுத்து, அதுல கொடியைப் படர விட்டிருப்பாங்க. உள்ள போனா ஒரு பெரிய பச்சைக் கூரைக்கு அடியில நிக்கற மாதிரி. தலைக்கு மேல கொத்து கொத்தா கருநீலம், மேல சாம்பல் பூத்த மாதிரி ஒரு படலம். பன்னீர் திராட்சை. வெளிநாட்டுல மஸ்கட் ஹாம்பர்க். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கினது. கொட்டை இருக்கும், தோல் தடிமன், ஆனா வாயில போட்டா நிஜமாவே பன்னீர் வாசம்.

தோட்டக்கார அம்மா ஒரு கொத்து அறுத்துக் குடுத்தாங்க. காசு வேணாம்னுட்டாங்க. பெரும்பாலும் பழமா மார்க்கெட்டுக்குப் போகுது, கேரளாவுக்கும் போகுது, ஒயினுக்கும் எடுக்கறாங்கன்னாங்க. "எந்த மாசம் சீசன்?"னு தங்கமணி கேட்டாங்க. "இங்க சீசன்னு இல்லம்மா. எப்ப கவாத்து பண்றமோ அதுலேர்ந்து நாலு மாசம்."

பக்கத்து பந்தலைக் காட்டினாங்க. போன வாரம்தான் கவாத்து பண்ணினதாம். ஒரு இலை இல்ல. வெறும் குச்சி. பாத்தா செத்துப்போச்சுன்னுதான் சொல்வோம். "வெட்டலைன்னா இலையா தழைக்கும், காய்க்காது"ன்னாங்க. அதனாலதான் வருஷம் பூரா ஏதாவது ஒரு தோட்டத்துல பழம் இருந்துக்கிட்டே இருக்கு. நாபாவுல வருஷத்துக்கு ஒரே அறுவடை. இங்க ரெண்டுக்குக் குறையறதில்ல. பையனுக்கு உடனே மெசேஜ் போட்டேன். கெத்து காட்ட வேணாமா?

ஒயின் குடிச்சீங்களான்னு கேக்கறவங்களுக்கு: தங்கும் விடுதியில ஒரு சின்ன கிளாஸ் கிடைச்சது. தங்கமணி ஒரு வாய் குடிச்சுட்டு, "எங்கம்மா ஜலதோஷத்துக்குப் போடற கஷாயம் இதைவிட நல்லா இருக்கும்"னாங்க. மிச்சம் யார் குடிச்சதுன்னு சொல்ல விருப்பமில்லை.

மூணாம் நாள் மேகமலை.

சின்னமனூர்லேர்ந்து தென்பழநி செக்போஸ்ட். 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் ஆனதுலேர்ந்து கெடுபிடி ஜாஸ்தி, இருட்டினப்புறம் விடமாட்டாங்க. அதுக்கப்புறம் 18 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு பூவோட பேர் எழுதியிருக்காங்க. தங்கமணி பேரை எல்லாம் படிக்கல, ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு எண்ணிக்கிட்டே ஏறினாங்க. நான் கரை நாடா.

பாதிக்கு மேல ஏறியாச்சு. ஒரு வளைவுல திரும்பறோம், எதுக்க அரசு பஸ். அவர் இறங்கறார், நாங்க ஏறணும். அவர் நின்னுட்டார். நாங்க கொஞ்சம் பின்னாடி எடுத்து இடது பக்கம் ஒதுங்கினா அவர் போயிடலாம். இடது பக்கம் பள்ளம்.

"ஏங்க, உங்க பக்கம் எவ்ளோ இருக்கு? பாத்து சொல்லுங்க."

பாத்தேன். எனக்கு கண்ணாடி தெரியுது, கொஞ்சம் புல்லு தெரியுது. ரோடு எங்க முடியுது, பள்ளம் எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியல. தலையைத் திருப்பினேன். வெளிச்சமும் நிழலும் கலந்து ஒரே கலங்கல். பஸ் டிரைவர் ஹாரன் அடிக்கல, ஆனா பின்னாடி ரெண்டு ஜீப் வந்து நின்னுடுச்சு.

"இடம் இருக்கு, வா"ன்னு சொல்ல வாய் வந்துடுச்சு. சத்தியமா சொல்றேன், நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. 27 வருஷமா அப்படித்தானே சொல்லிப் பழக்கம்.

அந்த சைக்கிள் பையன் ஞாபகம் வந்தான்.

"எனக்கு தெரியலம்மா."

"என்ன?"

"இடது பக்கம் எனக்கு தெரியல. கொஞ்ச நாளா வலது கண்ணும் அப்படித்தான் இருக்கு. நான் சொல்லல."

தங்கமணி ஹேண்ட் பிரேக்கை இழுத்தாங்க. என்னைப் பாத்தாங்க. திட்டுவாங்கன்னு நெனச்சேன். "தெரியும்"னாங்க. "சாப்பாட்டு மேசையில தண்ணி டம்ளரைத் தட்டி விடறப்பல்லாம் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க. அதுபோதும். தெரியுதுன்னு சொல்லிடுவீங்களோன்னுதான் எனக்கு பயம்."

கண்ணாடியை இறக்கி கண்டக்டரைக் கூப்பிட்டாங்க. அவர் இறங்கி வந்து வண்டிக்குப் பின்னாடி நின்னு, "வாங்கம்மா, வாங்க, வாங்க, இன்னும் ரெண்டடி இருக்கு, போதும்"னு கை காட்டினார். பஸ் உரசாம போச்சு. டிரைவர் போறப்ப தங்கமணிக்கு ஒரு கும்பிடு போட்டுட்டுப் போனார். மொத்தமா ரெண்டு நிமிஷம் இருக்கும்.

மேல தேயிலைத் தோட்டம், ஹைவேவிஸ் ஏரி, அதுமேல நகர்ற மேகம், எல்லாம் பாத்தோம். அழகு. நான் நேரா பாக்கறது இன்னும் நல்லாவே தெரியுது, ஒரு பக்கமா ஆரம்பிச்சு தலையைத் திருப்பித் திருப்பி முழுசா பாத்து முடிச்சேன். டீக்கடையில உக்காந்து வலது கண்ணுல எப்பலேர்ந்து, எந்த மூலை, எவ்ளோ மங்கல்னு ஒண்ணு விடாம சொன்னேன். ஊருக்குப் போனதும் டாக்டர்கிட்ட கூட வர்றேன்னாங்க. இதுவரைக்கும் கூட வராதேன்னு சொல்லி வெச்சிருந்தது நான்தான்.

திரும்பி வர்றப்ப மறுபடி கொள்ளிடம் பாலம். வட்டில் விஷயம் அப்பதான் எனக்கு உறைச்சது. பயந்தது அந்தம்மாதான், ஆனா கனம் வேற யாருக்காகவோ சுமந்தது. எங்க கதையில கனத்தை சுமந்தது நான், பயந்துக்கிட்டு இருந்தது அவங்க. இதை தங்கமணிகிட்ட சொன்னேன். "மணி ஒம்போது, மொதல்ல சொட்டு மருந்தைப் போடுங்க"ன்னாங்க.

டாக்டரைப் பாத்துட்டோம். மருந்தை மாத்தியிருக்கார். மூணு மாசத்துக்கு ஒரு தடவை அழுத்தம் பாக்கணும். அடுத்த தடவை போடிமெட்டு வழியா மூணாறுன்னு தங்கமணி பிளான் போட்டாச்சு.

போறவங்களுக்கு சில குறிப்பு:

1. மேகமலைக்கு காலையிலேயே ஏறிடுங்க, வெளிச்சம் இருக்கறப்பவே இறங்கிடுங்க.

2. பன்னீர் திராட்சை ஊர் வர்ற வரைக்கும் தாங்காது. நாங்க வாங்கின அஞ்சு கிலோவுல மூணு கிலோதான் பக்கத்து வீடுகளுக்குப் போச்சு.

3. நாப்பது வயசு தாண்டினவங்க கண்ணாடி மாத்தப் போறப்ப கண் அழுத்தத்தையும், நரம்பையும் சேத்துப் பாக்கச் சொல்லுங்க. வீட்டுல யாருக்காவது கிளாகோமா இருந்தா கட்டாயம். என் தம்பியை இழுத்துட்டுப் போய் காட்டிட்டேன். அவனுக்கு ஒண்ணும் இல்ல.

4. இடது சீட்டுல உக்காந்தா வாயை மூடிக்கிட்டு வாங்க. கேட்டா மட்டும் பதில் சொல்லுங்க. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க.